பாட்டு நன்றாக இருந்தும் ஒலியில் கோட்டைவிட்ட ராக் ஆல்பங்கள்

கேள்வி இதுதான்: பாடல்களாகப் பார்த்தால் அருமையாக இருந்தும், தயாரிப்பும் ஒலித்தரமும் சரியில்லாததால் கெட்டுப்போன ராக் ஆல்பங்கள் எவை? ரீமாஸ்டர் பதிப்பு வாங்கினால் அந்தக் குறை தீருமா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் தீராது. ஆல்பம் எந்தக் கட்டத்தில் கெட்டது என்று தெரிந்தால்தான் அதை மீட்க முடியுமா என்று சொல்ல முடியும். "ஒலி மோசம்" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று நான்கு கோளாறுகள் இருக்கின்றன.

ஒரு ராக் பாடல் மூன்று கட்டங்களைத் தாண்டித்தான் நம் காதுக்கு வருகிறது. முதலில் பதிவு. ஒவ்வொரு கருவிக்கும் மைக் வைத்துத் தனித்தனி ட்ராக்காகப் பிடிப்பார்கள். 70-களில் பெரும்பாலும் 16 அல்லது 24 ட்ராக் டேப். அடுத்தது மிக்ஸிங். எது முன்னால், எது பின்னால், எது இடது, எது வலது என்று முடிவு செய்து அத்தனை ட்ராக்கையும் இரண்டு சேனலாகச் சுருக்குவது. கடைசியாக மாஸ்டரிங். அந்த இரண்டு சேனலை எல்பிக்கோ சிடிக்கோ ஏற்றபடி திருத்துவது. மொத்தமாக ட்ரெபிளைக் கூட்டலாம், பேஸைக் குறைக்கலாம், சத்தத்தை ஏற்றலாம், அவ்வளவுதான். ரீமாஸ்டர் என்றால் இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் மறுபடி செய்வது. கொதித்து இறக்கிய சாம்பாரில் உப்பைக் கூட்டலாம், கரைந்த பருப்பைத் தனியே பிரிக்க முடியாது. மிக்ஸிங்கில் புதைந்த கருவியை வெளியே எடுக்க ரீமிக்ஸ்தான், அதாவது மிக்ஸிங்கையே மறுபடி செய்வதுதான் வழி. அதற்குத் தனித்தனி ட்ராக்குகள் இருக்கும் மூல மல்ட்டிட்ராக் டேப் நல்ல நிலையில் இருக்க வேண்டும், அதைத் திறக்க இசைக்குழுவுக்கும் மனம் இருக்க வேண்டும்.

இந்த மனம் இல்லாமல் போனதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகாவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்', 1988. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான். எழுத்தில் அது அவர்களுடைய மிகச் சிக்கலான, மிகத் துணிச்சலான ஆல்பம். 65 நிமிடம் ஓடுகிறது. தலைப்புப் பாடல் மட்டுமே பத்து நிமிடத்தைத் தொடுகிறது. 'ஒன்' பாடலுக்கு 1990-இல் கிராமி கிடைத்தது. ஆனால் அந்த ஆல்பத்தில் பேஸ் கிட்டார் கேட்காது. குறைவாகக் கேட்கிறது என்ற பேச்சே இல்லை, நல்ல ஹெட்போனில் தேடினாலும் பெரும்பாலான இடங்களில் அகப்படாது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1986 செப்டம்பரில் சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் குழுவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். சில வாரங்களிலேயே ஜேசன் நியூஸ்டட் அந்த இடத்துக்கு வந்தார். மெட்டாலிகாவில் அவர் வாசித்த முதல் முழு ஆல்பம் இது. தயாரிப்பாளர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃப்ளெமிங் ராஸ்முசென். லாஸ் ஏஞ்சலஸில் பதிவு, நியூயார்க் மாநிலத்தின் பேர்ஸ்வில் ஸ்டூடியோவில் மிக்ஸிங். மிக்ஸ் செய்த ஸ்டீவ் தாம்ப்சனும் மைக்கேல் பார்பியேரோவும் கத்துக்குட்டிகள் இல்லை. கன்ஸ் அண்ட் ரோசஸின் முதல் ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர்கள். தாம்ப்சன் பிற்பாடு பேட்டிகளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்: டிரம்மர் லார்ஸ் உல்ரிக் பேஸைக் கேட்டும் கேட்காததுமாகக் குறைக்கச் சொன்னார், குறைத்தபின் இன்னும் சில டெசிபல் இறக்கச் சொன்னார். ராஸ்முசெனும் நியூஸ்டட்டின் பேஸ் பதிவு பிரமாதமாக இருந்தது என்றே சொல்லிவருகிறார். ஆக, கோளாறு பதிவில் இல்லை. டேப்பில் பேஸ் இருக்கிறது.

புதிதாக வந்தவரைச் சீண்டுவதற்காகச் செய்தார்கள், பர்ட்டன் போன துக்கத்தை அவர் மேல் காட்டினார்கள் என்ற கதை ரொம்பப் பிரபலம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ஒலியைக் கவனித்துக் கேட்டால் வேறு காரணங்களும் தெரிகின்றன. நியூஸ்டட் பல இடங்களில் ரிதம் கிட்டாரின் ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) அப்படியே பின்தொடர்ந்து வாசித்தார். குழுவின் பாடகரும் ரிதம் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கிட்டார் ஒலியிலோ நடுப்பகுதி அலைவரிசையை வெட்டி, கீழ்ப்பகுதியை நன்றாக ஏற்றியிருந்தார்கள். இரண்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டபோது கிட்டார் ஜெயித்தது. போதாததற்கு, மிக்ஸிங் நடந்த சமயத்தில் குழு 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்' சுற்றுப்பயணத்தில் இருந்தது. இரவு மேடையில் காதைக் கிழிக்கும் சத்தத்தில் வாசித்துவிட்டு ஸ்டூடியோவுக்கு வந்து மிக்ஸைக் கேட்பது, திரும்ப மேடைக்குப் போவது. காது களைத்துப்போயிருந்தது என்று ஹெட்ஃபீல்டே சொல்லியிருக்கிறார்.

பேஸ் இல்லாததால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் 'பிளாக்கண்ட்' பாடலைப் போட்டுப் பாருங்கள். நியூஸ்டட் சேர்ந்து எழுதிய பாட்டு அது. தலைகீழாக ஓட விட்ட கிட்டார்கள் மெல்ல ஏறி வந்து, சட்டென்று முழுக்குழுவும் இறங்குகிற இடம். அந்த இறக்கத்தில் வயிற்றில் ஒரு குத்து விழ வேண்டும். விழுவதில்லை. கிட்டாரின் கனத்த ஈ தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ தந்தி அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 41 ஹெர்ட்ஸ். அந்தக் கீழ் ஸ்தாயி முழுக்கக் காலி. கிக் டிரம்மிலும் தடித்த அடி இல்லாமல் 'டக்' என்ற நுனிச் சத்தம் மட்டும் நிற்கிறது. சில பாடல்களின் தனி ட்ராக்குகள் இசை வீடியோ கேம்களின் வழியே வெளியே கசிந்தபோது, ரசிகர்களே பேஸை ஏற்றி மறுபடி மிக்ஸ் செய்து உலவ விட்டார்கள். முறையான வேலை இல்லைதான், ஆனாலும் ரிஃப்கள் திடீரென்று எடை கூடி நிற்கின்றன.

2018-இல் பெரிய அளவில் மறுவெளியீடு வந்தது. ரீமாஸ்டர் மட்டும்தான், பேஸ் அன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தக் காலகட்டத்தின் பதிவு அப்படியே இருக்கட்டும் என்பது குழுவின் நிலைப்பாடு. எனக்கு இது உடன்பாடு இல்லை. பழைய மிக்ஸை யாரும் அழிக்கப்போவதில்லை, அதன் பக்கத்தில் இன்னொன்றை வைக்கலாமே. நியூஸ்டட் அந்த 65 நிமிடத்தில் என்ன வாசித்தார் என்பதைக் கேட்க ரசிகர்களுக்கு உரிமை இருக்கிறது, அவருக்கும் அது சேர வேண்டிய மரியாதை.

சரி, ரீமிக்ஸ் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கேதான் இக்கி அண்ட் த ஸ்டூஜஸின் 'ரா பவர்' வருகிறது. பங்க் இசைக்கே வேர் என்று பலரும் சொல்லும் ஆல்பம். 1972-இல் லண்டன் சிபிஎஸ் ஸ்டூடியோவில் பதிவானது. தயாரிப்பாளர் குழுவின் பாடகர் இக்கி பாப் தானே. அவர் செய்த மிக்ஸ் நிர்வாகத்துக்குப் பிடிக்காமல், பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியிடம் போனது. டேப் வந்தபோது 24 ட்ராக்கில் மூன்றில்தான் ஏதாவது இருந்தது, ஒன்றில் மொத்தக் குழு, ஒன்றில் லீட் கிட்டார், ஒன்றில் இக்கியின் குரல் என்று போவி பிற்பாடு சொன்னார். ஹாலிவுட்டில் ஒரு ஸ்டூடியோவில், குறைந்த பணத்தில், அவசர அவசரமாக முடித்தார்கள். 1973-இல் வெளிவந்த அந்த மிக்ஸில் ஜேம்ஸ் வில்லியம்சனின் கிட்டாரும் குரலும் முகத்துக்கு நேரே நிற்கும். ரான் ஆஷ்டன் வாசித்த பேஸும் ஸ்காட் ஆஷ்டன் வாசித்த டிரம்ஸும் பக்கத்து அறையில் நடப்பதுபோல் மெலிந்து கிடக்கும்.

1997-இல் இக்கியே டேப்பைத் திரும்பத் திறந்து ரீமிக்ஸ் செய்தார். எல்லாமே மீட்டரின் சிவப்புக் கோட்டுக்கு மேலே. ராக் சிடிகளிலேயே மிக உரத்தவற்றில் ஒன்று அது. 'சர்ச் அண்ட் டெஸ்ட்ராய்' முதல் நொடியிலேயே ஆளைத் தள்ளிவிடும், நிஜம். ஆனால் மூன்று பாட்டுக்கு மேல் தொடர்ந்து கேட்டால் காது கெஞ்சும். டிரம் அடிகளின் முனை முழுவதும் வெட்டுப்பட்டு, எல்லாம் ஒரே மட்டத்தில் இரைகிறது. 2010 மறுவெளியீட்டில் போவி மிக்ஸையே திரும்பக் கொண்டுவந்தார்கள். நான் கேட்பதும் அதைத்தான். அதில் டிரம்ஸ் மெலிவாக இருந்தாலும் 'கிம்மி டேஞ்சர்' போன்ற பாட்டில் அமைதிக்கும் வெறிக்கும் இடையே தூரம் இருக்கிறது. 97 மிக்ஸில் அந்தத் தூரம் இல்லை.

போவி சொன்ன அந்த நிலைமை, அதாவது பல கருவிகள் ஒரே ட்ராக்கில் ஒட்டிக் கிடப்பது, இன்று முன்புபோல் முட்டுச்சந்து இல்லை. பீட்டில்ஸின் 'ரிவால்வர்' 1966-இல் நான்கு ட்ராக் டேப்பில் பதிவானது. 2022-இல் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவினர் உருவாக்கிய மென்பொருளை வைத்து, ஒரே ட்ராக்கில் கலந்து கிடந்த டிரம்ஸையும் பேஸையும் கிட்டாரையும் பிரித்து, ஜைல்ஸ் மார்ட்டின் புது மிக்ஸ் செய்தார். பருப்பைப் பிரிக்க முடியாது என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. இன்னும் பல பழைய ஆல்பங்களுக்கு இந்த வழி திறக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்த கோளாறு, 97 ரா பவரில் எட்டிப் பார்த்ததே, அது. சத்தப் போட்டி. சிடியில் ஒரு கூரை உண்டு, அதற்கு மேல் சத்தம் போக முடியாது. டிரம் அடி போன்ற கூர்மையான உச்சங்கள் கூரையைத் தொடும், மற்றவை கீழே இருக்கும். அந்த இடைவெளியில்தான் இசை மூச்சு விடுகிறது. 90-களின் இரண்டாம் பாதியில் ஒவ்வொருவரும் தன் சிடி அடுத்தவன் சிடியைவிட உரக்கக் கேட்க வேண்டும் என்று உச்சங்களை நசுக்கி, மிச்சத்தை மேலே தூக்க ஆரம்பித்தார்கள். ஓரளவுக்கு மேல் போனால் அலையின் தலை தட்டையாகி, கரகரவென்று உடைந்த சத்தம் வரும். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 'கலிஃபோர்னிகேஷன்' (1999) இதற்குப் பேர்போனது. கிட்டார் கலைஞர் ஜான் ஃப்ரூஷாண்டே குழுவுக்குத் திரும்பி வந்து, சிக்கனமாக, ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் விட்டு வாசித்த ஆல்பம். அப்படிப்பட்ட வாசிப்பை இப்படி நசுக்கலாமா? தலைப்புப் பாடலில் கிட்டாரும் பேஸும் மட்டும் மெதுவாக நடக்கிற தொடக்கமே அளவுக்கு மீறிய சத்தத்தில் வருகிறது, பல்லவி வரும்போது ஏறுவதற்கு இடமே இல்லை.

மெட்டாலிகா இங்கேயும் வருகிறது. 2008-இல் வந்த 'டெத் மேக்னெட்டிக்' அதே நாளில் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டிலும் கிடைத்தது. விளையாட்டுக்காகத் தனி ட்ராக்குகளிலிருந்து செய்த பதிப்பு, சிடியைவிடத் தெளிவாக, டிரம்ஸ் முழு அடியோடு கேட்டது. ரசிகர்கள் இரண்டின் அலை வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமாகப் போட்டார்கள். ஒன்று மேடு பள்ளங்களோடு, இன்னொன்று தார் பூசிய பட்டை மாதிரி. மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன்னிடம் வரும்போதே மிக்ஸ்கள் நசுங்கித்தான் வந்தன என்று ஒரு ரசிகருக்கு எழுதிய பதில் வெளியானது. ஆக, மாஸ்டரிங் குற்றம் என்று நாம் நினைப்பது பல சமயம் அதற்கு முந்தைய கட்டத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

ரஷ் குழுவின் 'வேப்பர் ட்ரெயில்ஸ்' (2002) இதே கோளாறுதான், ஆனால் நல்ல முடிவு. டிரம்மர் நீல் பியர்ட் பத்து மாத இடைவெளியில் மகளையும் மனைவியையும் பறிகொடுத்து, வாசிப்பதையே விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றித் திரும்பி வந்தபின் செய்த ஆல்பம். 'ஒன் லிட்டில் விக்டரி'யில் முதலில் கேட்பதே அவருடைய டிரம்ஸ் மட்டும்தான். நான் வந்துவிட்டேன் என்று சொல்வதுபோல் இருக்கும். அந்த டிரம்ஸ்தான் மூல சிடியில் உடைந்து கரகரத்தது. ஆனால் இங்கே குழுவே குறையை ஒப்புக்கொண்டது. 2013-இல் டேவிட் பாட்ரில் முழு ஆல்பத்தையும் ரீமிக்ஸ் செய்தார். அலெக்ஸ் லைஃப்சன் அடுக்கடுக்காகப் போட்ட கிட்டார்களுக்கு இடையே இப்போது காற்று போகிறது. மூலத்தின் முரட்டுத்தனம் போய்விட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை.

யாருடைய தவறும் இல்லாமல் கெட்ட ஆல்பமும் இருக்கிறது. ஸ்டீலி டானின் 'கேட்டி லைட்', 1975. ஒலியில் துல்லியத்துக்குப் பெயர் வாங்கியவர்கள் அந்தக் குழுவை நடத்திய பெக்கரும் ஃபேகனும். டேப் இரைச்சலைக் குறைக்க டிபிஎக்ஸ் என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். அது பதிவின்போது ஒலியை நெருக்கி டேப்பில் ஏற்றும், திரும்ப ஓட்டும்போது விரித்துக் கொடுக்கும். மிக்ஸ் முடிந்து ஓட்டியபோது விரிவது சரியாக விரியவில்லை. பளிச்சென்று இருந்தது மங்கிவிட்டது. கருவியைச் செய்த நிறுவனத்தாலும் முழுதாகச் சரிசெய்ய முடியவில்லை. குழுவின் கிட்டார் கலைஞர் டென்னி டயஸ் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். முடிந்த ஆல்பத்தை பெக்கரும் ஃபேகனும் கேட்கவே மறுத்தார்கள் என்று சொல்வார்கள். நம்மில் பலருக்கு அது நல்ல ஒலியாகவே படும். இருபது வயது ஜெஃப் போர்க்காரோவின் டிரம்ஸ் அந்த மங்கலையும் தாண்டி நடக்கிறது. ஆனால் அவர்களுடைய மற்ற ஆல்பங்களோடு சேர்த்து ஓட்டினால், மேல் அலைவரிசைகளில் ஒரு திரை விழுந்திருப்பது தெரியும்.

ஜெத்ரோ டல்லின் 'அக்வாலங்' (1971) வேறு மாதிரி. லண்டன் பேசிங் தெருவில், பழைய தேவாலயம் ஒன்றில் ஐலண்ட் நிறுவனம் அப்போதுதான் திறந்திருந்த ஸ்டூடியோ. இன்னும் பழகாத பெரிய கூடம், அதன் ஒலி குழுவின் பாடகர் இயன் ஆண்டர்சனுக்குப் பிடிக்கவே இல்லை. அழுக்குப் படிந்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற உணர்வோடு நாற்பது வருடம் அந்த ஆல்பத்தைக் கேட்டோம். 2011-இல் ஸ்டீவன் வில்சன் ரீமிக்ஸ் செய்தபோதுதான் குறை பதிவில் நாம் நினைத்த அளவுக்கு இல்லை, மிக்ஸில்தான் அதிகம் என்று தெரிந்தது. இந்த ஆல்பத்தைப் புதிதாகக் கேட்பவர்கள் நேராக வில்சன் மிக்ஸுக்குப் போங்கள். பெர்ல் ஜாமின் 'டென்' (1991) பற்றியும் கேட்பார்கள்: டிம் பாமர் மிக்ஸில் எதிரொலி கொஞ்சம் அதிகம், 2009-இல் பிரெண்டன் ஓ'பிரையன் அதைக் குறைத்து ரீமிக்ஸ் செய்தார். இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. 'பிளாக்' பாட்டுக்கு அந்த எதிரொலி வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இந்தப் பட்டியலில் பலரும் சேர்க்கும் ஒன்றை நான் சேர்க்க மாட்டேன். ரோலிங் ஸ்டோன்ஸின் 'எக்சைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்'. 1971 கோடையில் பிரான்சின் தென்கரையில் நெல்கோட் மாளிகையின் நிலவறையில் பெரும்பகுதி பதிவானது. வெக்கையில் கிட்டார் சுருதி நிற்காது, ஆளுக்கொரு அறை, வெளியே பதிவு வண்டி. மிக் ஜாகருக்கே மிக்ஸ் பிடிக்காது. ஆனால் அந்தக் கலங்கலில்தான் குரலும் பித்தளை வாத்தியங்களும் பியானோவும் ஒரே கூட்டமாக நெருக்கியடித்து நிற்கின்றன. குரலைத் தூக்கி முன்னால் வைத்தால் 'டம்ப்ளிங் டைஸ்' பாட்டின் ஆட்டமே போய்விடும். ஹஸ்கர் டூவின் 'ஜென் ஆர்கேட்' (1984) கிட்டத்தட்ட இப்படித்தான்: இரட்டை ஆல்பம் மொத்தமும் 85 மணி நேரத்தில், 3,200 டாலரில், பெரும்பாலும் முதல் டேக்கிலேயே முடிந்தது. டிரம்ஸ் ஒல்லியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் பிடித்ததால்தான் அந்தச் சூடு வந்தது. இரண்டையும் பிரிக்க முடியாது.

கடைசியாக, இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். மினியாபொலிஸ் குழு த ரிப்ளேஸ்மென்ட்ஸ், 1985-இல் பெரிய நிறுவனத்துக்கு வந்து செய்த முதல் ஆல்பம், 'டிம்'. பால் வெஸ்டர்பெர்க் எழுதியவற்றில் ஆகச் சிறந்த பாடல்கள் சில இதில்தான் இருக்கின்றன. தயாரிப்பு ராமோன்ஸின் டிரம்மராக இருந்த டாமி எர்டெலி. பாடல்களைக் கேட்டு வருபவர்கள் எல்லோரும் ஒலியைக் கேட்டு முகம் சுளிப்பார்கள்: டிரம்ஸ் தட்டையாக, பேஸ் எங்கோ தொலைவில், எல்லாம் நடுவில் குவிந்து, மேலே ஒரு மெல்லிய எதிரொலி. இதுதான் எண்பதுகளின் ஒலி, குழுவே அப்படித்தான் வாசித்தது என்று முப்பது வருடத்துக்கு மேல் எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டோம். 2023-இல் எட் ஸ்டாசியம் மூல டேப்பிலிருந்து ரீமிக்ஸ் செய்தார். எர்டெலியோடு சேர்ந்து ராமோன்ஸ் ஆல்பங்களில் வேலை செய்தவர்தான் அவர். 'பாஸ்டர்ட்ஸ் ஆஃப் யங்' பாட்டில் கிறிஸ் மார்ஸின் ஸ்னேர் டிரம் இப்போது அறைந்து விழுகிறது. கிட்டார்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து நின்று ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. 1995-இல் இறந்துபோன, குழுவின் கிட்டார் கலைஞர் பாப் ஸ்டின்சனுக்கு இதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

அதனால் மறுவெளியீடு எதையாவது வாங்குமுன் அட்டையில் ரீமிக்ஸா, ரீமாஸ்டரா என்று பாருங்கள், யார் செய்தது என்றும் பாருங்கள். பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். உரத்தது எப்போதும் நல்லதுபோலவே காதுக்குப் படும், அந்தப் பிழைதான் சத்தப் போட்டிக்கே காரணம். பழகுவதற்கு 'டிம்' நல்ல இடம். 'ஹோல்ட் மை லைஃப்' பாட்டை முதலில் பழைய மிக்ஸில் போடுங்கள், அப்புறம் ஸ்டாசியம் மிக்ஸில்.